குற்றவியல் நீதி படிப்பு நமக்கு எதற்கு?

மேற்படிப்பு என்று பேச்சு எடுத்தாலே நம் வீடுகளில் மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என நான்கு வாசல்கள்தாம் திறக்கும். பெண்பிள்ளை என்றால் ஐந்தாவதாக ஆசிரியர் பயிற்சி. இவற்றுக்கு வெளியே ஒரு துறையைத் தேர்ந்தெடுத்தவர் விருந்து வீடுகளில் விளக்கம் சொல்லியே களைத்துப் போவார். நான் படிப்பது குற்றவியல் நீதி. மூன்றாண்டுகளாக நான் சந்திக்கும் கேள்விகள் இரண்டே இரண்டு. மாமாமார் கேட்பது: "ஏம்மா, போலீஸ்ல சேரப் போறியா?" அத்தைமார் கேட்பது: "லாயருக்குக் கெடைக்கலியாம்மா?"

இரண்டும் இல்லை என்று சொன்னால், "அப்புறம் எதுக்கு?" என்ற மூன்றாவது கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

முதலில் மாமாமாருக்கு ஒரு வார்த்தை. அவர்களின் கேள்வி முழுத் தவறன்று. இந்தத் துறையே காவல்துறையின் மடியில் பிறந்ததுதான். அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், படித்த காவலர் வேண்டும் என்ற எண்ணத்தில் 1916-இல் அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வகுப்புகளைத் தொடங்கி வைத்தார். நெடுங்காலம் இது காவலர்களுக்கான படிப்பாகவே இருந்தது. 1967-இல் அமெரிக்க அதிபரின் ஆணையம் ஒன்று குற்றம் பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றை வெளியிட்டது. காவல்துறை, நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் தனித்தனித் தீவுகளாகப் பார்க்காமல் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். அதில் ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. இடப்பக்கம் குற்றம் நுழைகிறது. வலப்பக்கம் போகப் போகக் கிளைகள் பிரிகின்றன. சிலர் விடுவிக்கப்படுகிறார்கள், சிலர் அபராதத்தோடு போகிறார்கள், சிலர் கடைசி வரை பயணம் செய்து சிறைக்குள் நுழைகிறார்கள். இன்றும் முதலாண்டு மாணவர்களுக்கு அந்தப் படத்தைத்தான் காட்டுகிறார்கள்.

அந்தப் படத்தை ஒரு பேருந்துத் தடமாக நினைத்துக் கொள்ளுங்கள். கைது, தடுத்து வைப்பு, குற்றச்சாட்டு, ஜாமீன், விசாரணை, தண்டனை, சிறை, விடுதலை ஆகியவை அதன் நிறுத்தங்கள். சட்டம் படிப்பவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விதி மீறப்பட்டதா என்று பார்க்கிறார். நாங்கள் கேட்பது வேறு. எந்த நிறுத்தத்தில் யார் இறங்கிவிடுகிறார்கள்? யார் இறங்க முடியாமல் கடைசி வரை போகிறார்கள்? ஏன்?

நம்மவர்களுக்கு இந்தத் தடம் புதியதன்று. தோட்டத்திலும் தாமானிலும் வளர்ந்த நம்மில் பலருக்குத் தெரிந்தவர், தெரிந்தவரின் தம்பி என்று யாரோ ஒருவர் இதில் பயணம் செய்திருப்பார். ஆனால் அந்தப் பயணத்தில் நிறுத்தங்களின் பெயர் நமக்குத் தெரிவதில்லை. என் கருத்தில், இந்தப் படிப்பு நம் சமுதாயத்துக்குத் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். காவல்துறையில் நம்மவர் குறைவு என்று மேடைதோறும் பேசுகிறோம், அது வேறு விவாதம். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்ன விஷயம், ஆனால் அவசரமானது.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு நீதிமன்றப் பார்வை என்று ஒரு பணி இருந்தது. ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். என் கையில் கோப்பைப் பார்த்த ஒரு பாட்டி, "நீ லாயராம்மா?" என்று கேட்டார். மாணவி என்றேன். அவருடைய பேரனை முந்தைய நாள் பிடித்திருக்கிறார்கள். 'ரெமான் எம்பாட் ஹாரி' என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பாட்டிக்கு அதில் 'எம்பாட் ஹாரி' மட்டும் புரிந்திருக்கிறது. "நாலு நாளுதானாம்மா தண்டனை? நாலு நாளு முடிஞ்சா வந்துருவான்ல?" என்று கேட்டார். குரலில் நிம்மதி இருந்தது!

"பாட்டி, இது தண்டனை இல்ல. இன்னும் விசாரணையே முடியல" என்று தொடங்கி அரைமணி நேரம் விளக்கினேன்.

அன்று பாட்டிக்கு நான் சொன்னதைச் சுருக்கமாக இங்கும் எழுதுகிறேன். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டு வர வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. அந்த உத்தரவுதான் ரிமாண்ட். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு 2007-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பின் இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமென்றால் முதல் முறை 4 நாள்கள், இரண்டாம் முறை 3 நாள்கள். 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரண தண்டனைக் குற்றமென்றால் 7 நாள்கள், மீண்டும் 7 நாள்கள். அந்த நாள்கள் முடிந்ததும் விட்டுவிடலாம், அல்லது குற்றம் சாட்டலாம். கதையே அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் சொன்னேன். 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் மலேசியக் குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட் நிலையிலேயே வழக்கறிஞரைத் தருகிறது. இதைப் பாட்டி கேள்விப்பட்டதே இல்லை. நம் வகுப்புத் தோழர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின் என்னை உறுத்தியது ஒரு சொல். 'ரிமாண்ட்' என்பதற்கு நம் நாட்டுத் தமிழ் நாளிதழ்கள் எழுதுவது 'தடுப்புக் காவல்'. விசாரணையே இல்லாமல் ஆண்டுக் கணக்கில் அடைத்து வைப்பதற்கும் அதே 'தடுப்புக் காவல்'. 2012-இல் நீக்கப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடித்து வைத்ததும் தடுப்புக் காவல்தான். 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வைப்பதும் தடுப்புக் காவல்தான். லாக்கப்பில் ஒருவர் இறந்தால் 'தடுப்புக் காவல் மரணம்'. மூன்று வெவ்வேறு நிறுத்தங்களுக்கு ஒரே பெயர்ப்பலகை!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 117-ஆவது பிரிவின் கீழ் நான்கு நாள் என்றால், குடும்பம் உடனே வழக்கறிஞரைத் தேட வேண்டும், ஜாமீன் பணத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், நீதிமன்ற நாளைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். குற்றத் தடுப்புச் சட்டம் என்றால் நிலைமையே வேறு. 2014-இல் நடப்புக்கு வந்த திருத்தப்படி முதலில் 21 நாள்கள், பிறகு 38 நாள்கள் வைக்கலாம். அதற்குப் பின் நீதிமன்ற விசாரணை இல்லாமலேயே ஒரு வாரியம் இரண்டாண்டு வரை தடுத்து வைக்க ஆணையிடலாம். இரண்டையும் ஒரே சொல்லால் படித்துப் பழகிய ஒரு தாய்க்கு, தன் மகன் எதில் சிக்கியிருக்கிறான் என்று எப்படித் தெரியும்?

கைதுக்கும் தண்டனைக்கும் நடுவில் ஒரு வாசற்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், கோவலன் வெட்டுண்டான். சிலப்பதிகாரத்தை இலக்கிய விழாவில் பட்டிமன்றமாக்கி, கண்ணகியின் கற்பைப் பற்றியே ஒவ்வோர் ஆண்டும் பேசுகிறோம். அந்த வழக்கில் ஒரு மாஜிஸ்திரேட்டும் 24 மணி நேரமும் இருந்திருந்தால் சிலம்பை உடைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எந்த அணியும் வாதாடிக் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு யாராவது முயலலாம்.

நீதிமன்றத்தில் அந்த வாரம் நான் கவனித்த இன்னொன்று 'மெங்காகு சாலா'. குற்றத்தை ஒப்புக்கொள்வது. மலாயில் 'சாலா' என்றால் தவறு, குற்றம் இரண்டும்தான். நம் வீட்டுப் பழக்கத்தில் தவறை ஒப்புக்கொண்டால் அதோடு விஷயம் முடியும். "தப்ப ஒத்துக்கிட்டா விட்டுருவாங்க" என்று தாத்தாமார் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் விசாரணை முடிகிறது, தண்டனையும் பதிவும் தொடங்குகின்றன. ஆகவேதான் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் ஒப்புதலின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டாரா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்ய வேண்டும் எனச் சட்டமே சொல்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவருக்கு அந்தப் புரிதல் முழுக்க முழுக்க மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் போகிறது. ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, ஐந்தாண்டு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்த என்னைப் போன்றவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். இரண்டு மொழியிலும் அரைகுறை என்று நம்மை நாமே குறைத்துப் பேசிக்கொள்கிறோம். அந்த நீதிமன்ற வராந்தாவில் இந்த இரண்டு மொழிக்கும் எவ்வளவு விலை உண்டு என்று அங்கே போய் நின்றால்தான் தெரியும்.

இனி, மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு வாசகத்துக்கு வருகிறேன். "மக்கள்தொகையில் ஏழு விழுக்காடுதான் இருக்கிறோம், ஆனால் சிறையில் பாருங்கள்..." என்று ஒருவர் தொடங்குவார், அரங்கம் உச்சுக் கொட்டும். பிறகு தமிழ்ப்படங்களையும் அரிவாளையும் திட்டிவிட்டு உணவருந்தப் போய்விடுவோம்.

எங்கள் துறையில் இப்படி ஓர் எண் வந்தால் விரிவுரையாளர் முதலில் கேட்பது, 'எதை எண்ணினார்கள்?' என்பது. கைதானவர்களையா, குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களையா, விசாரணையின்றி வைக்கப்பட்டவர்களையா? ஜாமீன் கட்ட முடியாமல் விசாரணைக்காகக் காத்திருப்பவர்களும் அதில் சேர்த்தியா? ஓராண்டில் மூன்று முறை உள்ளே போனவர் ஒருவரா, மூவரா? புகார் செய்யப்படாத குற்றங்கள் எந்தக் கணக்கிலும் வராது. ரோந்து போகாத வட்டாரத்தில் கைதும் இருக்காது. ஆக, எண்ணிக்கை என்பது குற்றவாளிகளைப் பற்றி எவ்வளவு பேசுகிறதோ அவ்வளவு எண்ணியவர்களைப் பற்றியும் பேசுகிறது. இதைச் சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள். நான் மறுக்கவில்லை, நம்மிடையே குண்டர் கும்பல் சிக்கல் உண்மையிலேயே உண்டு, அதில் செத்துப்போகிறவர்களும் நம் பிள்ளைகள்தாம். ஆனால் எண்ணைப் பார்த்து வெட்கப்படுவதும் எண்ணைப் படிப்பதும் வேறு வேறு வேலைகள். முதல் வேலையைச் செய்ய நம்மில் ஆள் நிறைய இருக்கிறது.

ராபர்ட் மெர்டன் என்ற சமூகவியலாளர் 1938-இல் எழுதிய கட்டுரை ஒன்றை இரண்டாம் ஆண்டில் படித்தோம். ஒரு சமுதாயம் எல்லாருக்கும் ஒரே இலக்கை வைக்கிறது: பணம், வீடு, கார். ஆனால் அந்த இலக்கை அடையும் வழியை எல்லாருக்கும் ஒரே அளவில் தருவதில்லை. இலக்குக்கும் வழிக்கும் நடுவில் அகப்பட்டவர்களில் சிலர் குறுக்கு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். அமெரிக்காவை வைத்து எழுதியது. எனக்கு நினைவுக்கு வந்ததோ, தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலும் திடலும் பழகிய முகங்களும் போய், அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதியதும் அப்படித்தான். ஒருவனுக்குக் குற்றவாளி என்று முத்திரை குத்திவிட்டால் அவன் அந்த முத்திரைக்கேற்ப வாழத் தொடங்கிவிடுகிறான் என்றார். இடைநிலைப்பள்ளியில் கடைசி வகுப்பில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் பெக்கரைப் படிக்காமலேயே சொல்வார்கள்.

இந்தப் படிப்பு எல்லா நாளும் இனிமையாக இருப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் அ. குகனின் வழக்கை வகுப்பில் எடுத்துக்கொண்டோம். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா வட்டாரக் காவல் நிலையம் ஒன்றில் இறந்தவர். என் வயதை ஒத்தவர். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது. குடும்பத்தார் போராடிப் பெற்ற இரண்டாவது பரிசோதனை, அடியினால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. ஒரே உடல், இரண்டு அறிக்கைகள். 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்தாரின் சிவில் வழக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவலரும் நம் இனத்தவரே. வகுப்பு அமைதியாகிவிட்டது. மலாய், சீன நண்பர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். பிறகு பேசினோம், இரண்டு மணி நேரம். யார் கெட்டவர் என்பதைப் பற்றியன்று. லாக்கப்பில் இருப்பவரை மருத்துவர் எப்போது பார்க்க வேண்டும், யார் பதிவு செய்ய வேண்டும், மரண விசாரணையை யார் கேட்க வேண்டும் என்பதைப் பற்றி. 2005-இல் அரச விசாரணை ஆணையம் காவல்துறைக்கு 125 பரிந்துரைகளைத் தந்தது. அதில் முதன்மையாகப் பேசப்பட்ட சுயேச்சைக் கண்காணிப்பு அமைப்பு எத்தனை முறை உருமாறி, 2023 ஜூலையில் ஓர் ஆணையமாக நடப்புக்கு வந்தது என்பதைப் பற்றி. அந்த ஆணையத்துக்குப் போதிய பல் இருக்கிறதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. இல்லை என்பது என் கட்சி. கோபப்படுவது எளிது. பதிவேட்டில் எந்தக் கட்டம் காலியாக விடப்பட்டது என்று தேடக் கற்றுக்கொண்டால்தான் அந்தக் கோபத்துக்கு உருப்படியான வேலை கிடைக்கிறது.

அத்தைமாருக்கு இப்போது பதில். இந்தப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராக முடியாது, அதற்குச் சட்டப் பட்டமே வேண்டும். சம்பளமும் மருத்துவர் சம்பளம் அன்று. ஆனால் யாரும் பார்க்காத பணிகள் சில இருக்கின்றன. 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, 18 வயதுக்குக் குறைந்த ஒருவர்மீது குற்றம் உறுதியானால் சிறார் நீதிமன்றம் முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையைப் பார்க்க வேண்டும். மலாயில் 'பெகாவாய் அக்லாக்' என்பார்கள், சமூக நல இலாகாவைச் சேர்ந்தவர். பிள்ளையின் வீடு, பள்ளி, நட்பு என எல்லாம் அந்த அறிக்கையில் வரும். பிள்ளை பெற்றோரிடம் திரும்புமா, சமூக நல இலாகாவின் துனாஸ் பக்தி பள்ளிக்குப் போகுமா, சிறைத்துறையின் ஹென்றி கர்னி பள்ளிக்குப் போகுமா என்பதில் அந்தச் சில பக்கங்களுக்குப் பங்கு உண்டு. அந்த அதிகாரி வீட்டுக்கு வரும்போது அம்மாவோடு தமிழில் பேசக்கூடியவராக இருந்தால் அறிக்கையில் என்னென்ன சேரும், என்னென்ன விடுபடாது என்று யோசித்துப் பாருங்கள். கட்டாய வருகை உத்தரவு என்று ஒன்றும் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்று மாதம் வரையிலான சிறைக்குப் பதிலாக, நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேற்படாமல் பொதுவேலை செய்தால் போதும். வீட்டிலிருந்தபடி, வேலையை இழக்காமல் தண்டனையை முடிக்கலாம். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள்.

பெரியம்மா ஒருவர், "பொம்பள பிள்ளைக்கு எதுக்கும்மா கேசு, கோர்ட்டுன்னு?" என்கிறார். நீதிமன்ற வராந்தாவில் காத்திருப்பவர்களில் பாதிக்கு மேல் அம்மாக்களும் பாட்டிகளும்தான் பெரியம்மா, என்று சொல்லிவிட்டேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை.

குறை சொல்ல வேண்டுமென்றால் பாடநூல்களைச் சொல்வேன். பாதிக்கு மேல் அமெரிக்காவைப் பற்றியவை. ஜூரிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஓர் அத்தியாயம் முழுக்கப் படித்தேன். நம் நாட்டில் ஜூரி முறை 1995-இலேயே போய்விட்டது. நம் நாட்டைப் பற்றி, அதுவும் நம் மக்களைப் பற்றித் தமிழில் படிக்க அநேகமாக எதுவும் இல்லை. நாம்தான் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

அதனால் நம் தமிழ்ப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நாடகமும் கவியரங்கமும் நடத்துகிறோம், நடத்துவோம். கூடவே கைது முதல் விடுதலை வரை வரும் மலாய்ச் சொற்களுக்கு நல்ல தமிழில் ஒரு கையேடு தயாரிக்கலாம். சட்டத்துறை மாணவர்களும் தமிழ்மொழித்துறை மாணவர்களும் சேர்ந்தால் ஒரு விடுமுறைக்குள் முடியும் வேலை. தமிழ்நாட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள், அது முடியாது. 'பரோல்' என்றால் தமிழ்நாட்டுச் செய்திகளில் சிறைக்கைதி திருமணத்துக்கோ இறப்புக்கோ சில நாள் வெளியே வந்து திரும்புவது. இங்கே 2008-இல் சிறைச்சாலைச் சட்டத்தைத் திருத்திக் கொண்டு வந்த பரோல் அதுவன்று. தண்டனையில் பாதியையாவது முடித்தவர், மீதியை அதிகாரியின் பார்வையில் வெளியே இருந்து கழிப்பது. 'கண்காணிப்பு விடுதலை' என்று எழுதலாம் என்கிறேன் நான். விடுதலை என்ற சொல் வந்தாலே வீட்டில் பொங்கல் வைத்துவிடுவார்கள், விதியை மீறினால் மறுபடி உள்ளே போக வேண்டும் என்பது மறந்துவிடும், ஆகவே அது வேண்டாம் என்கிறாள் தமிழ்த்துறையில் படிக்கும் என் அறைத்தோழி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் சொல்லாக இதையே வைக்கலாம். 'தடுப்புக் காவல்' இரண்டாவது.